கறுப்பு வண்டின் வெள்ளைக் குஞ்சுகள்

போன மாதம் மைசூரில் நான் வேலை பார்த்த பட்டு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து போன் வந்தது. ஏதோ புது மாவுப்பூச்சி வந்திருக்கிறதாம். பல வருஷம் பூட்டிக் கிடந்த பரங்கிக்காய் அறையைத் திறந்து, வெள்ளையடித்து, மறுபடியும் பூச்சி வளர்க்கப் போகிறார்களாம். அந்த அறையில் வேலை செய்தவர்களில் இப்போது போனில் கிடைப்பது நான் ஒருத்திதான் போலிருக்கிறது. அனுபவத்தை எழுதிக் கொடுங்கள், புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்றார்கள். கன்னடத்தில் சொன்னால் அவர்களே எழுதிக்கொள்வார்களாம். வேண்டாம், தமிழில் நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வேலை செய்தது நான். எழுதுவதும் நானாக இருக்கட்டும். கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்த தமிழ், மெதுவாகத்தான் வரும். எனக்கும் அவசரம் ஒன்றும் கிடையாது.

தினக்கூலியாகச் சேர்ந்தேன், தோட்டத்தில் களை எடுத்தேன், பிறகு நிரந்தரமானேன். இதெல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். எனக்கு என்று ஒரு அறை கிடைத்த பிறகு நடந்ததைத்தான் எழுத வேண்டும்.

மல்பெரிச் செடியில் மாவுப்பூச்சி விழுந்தால் நுனிக் குருத்து சுருண்டு, இலை முறுக்கிக்கொண்டு, செடி வளராமல் நின்றுவிடும். மற்றப் பயிர் என்றால் மருந்து அடிக்கலாம். மல்பெரி இலையைத் தின்பது பட்டுப்புழு. இலையில் மருந்து இருந்தால் புழுவும் செத்துப்போகும். அதனால் மாவுப்பூச்சியைத் தின்கிற ஒரு பொறிவண்டை வளர்த்துத் தோட்டத்தில் விடுவோம். அந்த வண்டுக்குத் தீனி மாவுப்பூச்சி. ஆகவே முதலில் மாவுப்பூச்சியை வளர்க்க வேண்டும். அதை வளர்க்கப் பரங்கிக்காய் வேண்டும். இதுதான் எங்கள் பிழைப்பு.

பரங்கிக்காய் வாங்க தேவராஜ மார்க்கெட்டுக்கு நானே போவேன். வேறு யாரையும் விட மாட்டேன். காம்பு உடையாமல் இருக்க வேண்டும். பள்ளமும் மேடுமாக வரிகள் ஆழமாக ஓட வேண்டும், பூச்சி பள்ளத்தில்தான் ஒண்டும். நகம் பட்ட காயம்கூட ஆகாது, அங்கிருந்து அழுகும். கடைக்காரர் நான் ஒவ்வொரு காயாகத் தூக்கி, திருப்பி, தட்டிப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவள்கூட இவ்வளவு பார்க்க மாட்டாள் என்பார். சமைக்கத்தானே என்று ஒருமுறை கேட்டார். இல்லை, பூச்சி பிடிக்க வைக்க என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை.

காயைக் கழுவித் துடைத்து, பூஞ்சாண மருந்து தடவி, காய வைத்து, கண்ணுக்குத் தெரிகிற கீறலை மெழுகால் அடைத்து, வலைக்கூண்டில் அடுக்க வேண்டும். ஏற்கனவே பூச்சி நிறைந்த காயைப் பக்கத்தில் வைத்தால் குஞ்சுகள் தாங்களாக ஏறும். தூசி மாதிரி இருக்கும். இளஞ்சிவப்புத் தூசி. ஏறி ஒரு இடம் பிடித்து, மயிர் மாதிரி ஒரு வாயைக் காய்க்குள் இறக்கிவிட்டால், பெண்பூச்சி பிறகு அதிகம் நகராது. உட்கார்ந்த இடத்திலேயே குடிக்கும், மேலே மாவு பூத்துக்கொள்ளும், முட்டை வைக்கும், சாகும். அறையை இருட்டாக வைத்திருப்போம். வெளியே வெயிலா மழையா என்று மத்தியானம் கதவைத் திறந்தால்தான் தெரியும்.

காய் வெள்ளை வெளேரென்று ஆனதும் சுவரில் இருக்கும் சின்னக் கதவு வழியாகப் பக்கத்து அறைக்குத் தள்ளிவிடுவேன். அது வண்டு அறை. அங்கே கௌரம்மா இருந்தாள். என் அறை ஆள் அந்த அறைக்குள் போகக்கூடாது, அந்த அறை ஆள் என் அறைக்கு வரவே கூடாது. புடவையில் ஒரு வண்டு ஒட்டிக்கொண்டு வந்தால் என் பூச்சியெல்லாம் தீர்ந்துபோகும். சாப்பாடும் தனித்தனி. நான் குழாயடியில் உட்காருவேன், அவள் பலாமரத்தடியில் உட்காருவாள். நடுவில் இருக்கிற தூரத்துக்குக் குரலை உயர்த்திப் பேச வேண்டும், அதனால் முக்கியமானதை எதையும் பேசியதில்லை. குழம்பு என்ன, மழை வருமா, இவ்வளவுதான். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமினால் எனக்குக் கேட்கும். அவளுக்கு உடம்பு சரியில்லாததை இருமலை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். அவள் ஓய்வு பெற்ற அன்று முதல் தடவையாக அவள் அறைக்குள் போய்ப் பார்த்தேன். என் அறை மாதிரியேதான் இருந்தது.

எங்களுக்கு மேலே இருந்தவர் நாகரத்னா மேடம். பூச்சி படிப்பு படித்துப் பட்டம் வாங்கியவர். என் அறைக்கு வந்தால் செருப்பை வெளியே விட்டு, கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். மற்ற அதிகாரிகள் யாரும் தட்டினதில்லை. அறையில் ஒரே ஒரு முக்காலி, அதில் அவர் உட்கார்ந்ததே இல்லை, அது என்னுடையது என்று நினைத்தார் போல. குரலை உயர்த்த மாட்டார். ஆனால் பூச்சி குறைந்திருக்கிறது மேடம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எந்தக் காயில் என்பார். எந்தப் பள்ளத்தில் என்பார். நீ கண்டதைச் சொல், நினைத்ததை அப்புறம் கேட்கிறேன் என்பார். எதற்கும் உறுதி சொல்ல மாட்டார். அதிகாரிகள் வந்து பலன் கிடைக்குமா என்று கேட்டாலும் சரி, விவசாயி கேட்டாலும் சரி, கன்னடத்தில் ஒரே வார்த்தைதான். "நோடோணா." பார்ப்போம் என்று அர்த்தம்.

ஒரு தடவை சன்னல் வலை கிழிந்து ஒரு பெண் வண்டு என் அறைக்குள் வந்துவிட்டது. வந்தது தெரியவில்லை. சில நாள் கழித்துப் பார்த்தால் காய்களின் பள்ளங்களில் மாவுப்பூச்சி மாதிரியே, ஆனால் நீளமாக, பெரிதாக, வெள்ளை நூல் தொங்க ஏதோ ஓடுகிறது. அதுதான் வண்டின் புழு. வளர்ந்த வண்டு தலை செம்மஞ்சள், முதுகு கறுப்பு. குஞ்சோ அச்சாக அது தின்கிற பூச்சியின் வேஷம். பத்திரமாக வளர்த்த அத்தனை காயும் மொட்டையாகிப் போயின. நான் அழாத குறை. மேடம் கூண்டு கூண்டாகக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "மேரியம்மா, தோட்டத்தில் இப்படி நடக்கணும்னுதானே நாம பாடுபடறோம்" என்று கன்னடத்தில் சொன்னார். திட்டவில்லை. கிழிந்த வலையை அவரே தைத்தார்.

இனி ராமாபுரத்துக்கு வருகிறேன்.

ஹனூர் தாண்டி ராமாபுரத்துப் பக்கம் தமிழ் பேசுகிறவர்கள் அதிகம். மேடத்துக்குத் தமிழ் வராது. அதனால் அந்தப் பக்கம் வண்டு விடப் போகும்போதெல்லாம் என்னைக் கூட்டிப்போவார். அங்கே பழனியம்மா என்று ஒருத்தி. என்னைவிடச் சின்னவள், புருஷன் இல்லை. இரண்டு மகன்களும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. தனியாக ஒரு மல்பெரித் தோட்டமும் ஒரு புழு வளர்க்கிற மனையும் வைத்திருந்தாள். இரண்டு தடவை தொடர்ந்து மாவுப்பூச்சி விழுந்து இலை போய், புழுவுக்குத் தீனி இல்லாமல் பட்டுக்கூடு தேறவில்லை. இந்தத் தடவையும் தேறவில்லை என்றால் தோட்டத்தைச் சித்தப்பனிடம் விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வந்துவிட வேண்டும் என்று பெரிய மகன் கெடு வைத்துவிட்டான். அந்தச் சித்தப்பன், அதாவது பழனியம்மாவின் கொழுந்தனார், செடியைப் பிடுங்கிவிட்டு மக்காச்சோளம் போடக் காத்திருந்தார்.

"ரெண்டு ரூமு வீடுங்க்கா. அதுல பசங்க, மருமவளுக, பேரனுங்க. நான் கட்டலுக்கு அடியிலதான் படுக்கோணும்" என்று சிரித்தாள். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

நாங்கள் பாட்டிலில் கொண்டுபோன வண்டுகளைச் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் சுருண்ட குருத்துகளின் மேல் தட்டிவிட்டோம். எங்கே வளர்த்தீர்கள் என்று கேட்டாள். பரங்கிக்காயில் என்றேன். "அரசாணிக்காய்லயா? அதுக்கு கவருமெண்டு சம்பளமா?" என்று கேட்டுவிட்டு, தப்பாகப் பேசிவிட்டோமோ என்று வாயில் கை வைத்துக்கொண்டாள். மேடம் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். மருந்து அடிக்கக்கூடாது. குருத்தை வெட்டக்கூடாது. வண்டு முட்டை வைக்கும், குஞ்சு வெள்ளையாக இருக்கும், மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும், நசுக்கிவிடாதே. எல்லாவற்றுக்கும் செரிங்க, செரிங்க என்று தலையாட்டினாள். கொழுந்தனாரும் வரப்பில் நின்று செரிங்க என்றார்.

சில வாரம் கழித்து ஆபீசுக்கு அவளிடமிருந்து போன். என்னைக் கூப்பிடச் சொன்னாள்.

"ஏனுங்க்கா, உங்க பூச்சி செத்துப்போச்சுங்க. எங்க பூச்சி கொழுத்துப்போச்சு."

எவ்வளவு பெரிது என்று கேட்டேன். சோற்றுப் பருக்கை அளவு என்றாள். ஓடுகிறதா என்றேன். "ஓடுதுங்க, முன்ன சும்மா உக்காந்திருந்துச்சு, இப்ப ஓட்டமே ஓடுது" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. எதையும் தொடாதே, நாங்கள் வருகிறோம் என்றேன். கொழுந்தனார் காலையிலேயே அருவாளோடு இறங்கிவிட்டார், மேல்வயல் பாதி ஆயிற்று என்றாள். நிறுத்தச் சொல் என்றேன். மருமகள் வீட்டில் சோறு தின்னப் போகிறவளுக்கு அருவாளை நிறுத்த என்ன அதிகாரம் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

மேடமும் நானும் கொள்ளேகால் பஸ் பிடித்து, அங்கிருந்து ராமாபுரம் போனோம்.  தோட்டத்துக்கு வளைகிற இடத்திலேயே புகை தெரிந்தது. மேல்வயலில் வெட்டின குருத்துகளைக் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். பச்சைக் கொம்பு, அதனால் எரியாமல் புகைந்துகொண்டிருந்தது. குவியலின் ஓரத்திலிருந்து வெள்ளைப் புழுக்கள் சூடு தாங்காமல் மண்ணில் இறங்கி ஓடின. மேடம் பையை வரப்பில் போட்டுவிட்டு மண்டி போட்டார். சாப்பாட்டு டப்பாவைக் கவிழ்த்துக் காலி செய்துவிட்டு, தூரிகையால் ஒவ்வொன்றாகத் தள்ளி எடுக்க ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்தேன். புகை கண்ணில் ஏறியது. கையில் இருந்ததெல்லாம் நான் வளர்த்த பூச்சியைத் தின்று கௌரம்மாவிடம் வளர்ந்த வண்டுகள் வைத்த முட்டையில் பிறந்தவை.

எங்கள் பின்னால் ஊர் ஆட்கள் சிலர் கூடிவிட்டார்கள். மைசூரிலிருந்து வந்த படித்த அம்மா நெருப்பில் பூச்சி பொறுக்குவதை யார்தான் பார்க்க மாட்டார்கள். கொழுந்தனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"புள்ளையில்லாதவங்க நாய் வளர்த்தறாப்பல இவங்க பூச்சி வளர்த்தறாங்க" என்றார்.

சிரித்தார்கள். மேடத்துக்குத் தமிழ் தெரியாதது நல்லதாயிற்று. மேடத்துக்குக் கல்யாணமும் ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. என்ன சொன்னார் என்று கேட்டார். புகை அதிகம் என்கிறார் என்றேன்.

பழனியம்மா மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். நான் அன்றைக்கே சொன்னேனே அம்மா, குஞ்சு வெள்ளையாக இருக்கும் என்று, நீயும் செரிங்க என்றாயே என்றேன்.

"வூடு தேடி வந்தவங்க சொல்றப்ப இல்லீன்னு சொல்லுவாங்களா? செரிங்கன்னுதான் சொல்லோணும்" என்றாள். "கறுப்பு வண்டுக்கு வெள்ளைக் குஞ்சு பொறக்குமாங்க்கா? நீங்க சொன்னப்பவே நான் நம்பலீங்க."

அதை அப்படியே மேடத்துக்குச் சொன்னேன். அவர் வேலையை நிறுத்திவிட்டு அவளை நன்றாகப் பார்த்தார். இத்தனை ஊரில் இத்தனை பேர் சரி சரி என்று சொன்னார்களே, அவர்களும் இப்படித்தானா என்று என்னிடம் கன்னடத்தில் கேட்டார். எனக்கு என்ன தெரியும். பிறகு அவளிடம் விளக்கமே சொல்லவில்லை. சோறு போடுகிற வட்டில் ஒன்று கேட்டார். வெட்டாத கீழ்வயலிலிருந்து பூச்சி அப்பிய ஒரு குருத்தைக் கிள்ளி வட்டிலில் வைத்து, டப்பாவிலிருந்து ஒரு வெள்ளைப் புழுவை அதன் பக்கத்தில் விட்டார். மனையின் நிழலில் மூன்று பேரும் வட்டிலைச் சுற்றி உட்கார்ந்தோம்.

புழு அசையவில்லை. புகை குடித்தது, தூரிகையில் அடிபட்டது, சுருண்டு கிடந்தது. ஊர் ஆட்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். கொழுந்தனார் சாப்பிடப் போய்விட்டார். அருவாளைக் கதவோரம் சாய்த்துவிட்டுத்தான் போனார், வந்ததும் கீழ்வயல் என்று சொல்லிவிட்டு. இன்னும் அசையவில்லை. எனக்கு ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது. பசி இல்லை போல, வேறொன்றை விடலாம் என்று வாயெடுத்தேன். மேடம் கையை மட்டும் லேசாகத் தூக்கினார். அவர் கண் வட்டிலை விட்டு எடுபடவில்லை. பழனியம்மாவின் கண்ணும்தான்.

பிறகு அது தலையை நீட்டியது. இரண்டு எட்டு நடந்தது. நின்றது. ஒரு பெரிய மாவுப்பூச்சியின் மேல் முட்டி, மாவை விலக்கிக்கொண்டு வாயைப் பதித்தது. உப்பியிருந்த பூச்சி கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. கடைசியில் வெறும் தோல். சிவப்பு நீர் வட்டிலில் ஒரு சொட்டு கசிந்தது. புழு அடுத்ததற்கு நகர்ந்தது.

மேடம் பூதக்கண்ணாடியை நீட்டினார். பழனியம்மா வாங்கவில்லை. மூக்கு வட்டிலில் இடிக்கக் குனிந்திருந்தாள்.

"இது நம்மாளா?" என்றாள்.

"நம்மாளுதான்."

"அப்ப காலையில எரிச்சது?"

நான் மேடத்துக்கு மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்காமலே அவருக்குப் புரிந்தது. 

பழனியம்மா எழுந்து போய் அந்த அருவாளை எடுத்து மனைக்குள் வைத்துக் கதவைப் பூட்டினாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு என்னிடம் கேட்டாள், மிச்சம் இருக்கிற பாதி தேறுமா என்று. தேறும் என்று சொல்லிவிட எனக்கு நாக்கு துடித்தது. மேடத்தைப் பார்த்தேன். அவர் எப்போதும் சொல்கிற அதே வார்த்தையைத்தான் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன். பார்ப்போம்மா.

பொறுக்கிய புழுக்களைக் கீழ்வயலில் விட்டோம். எறும்பைப் பற்றி மேடம் அப்போது சொன்னார். மாவுப்பூச்சி குடிக்கிற சாற்றில் மிஞ்சினதை இனிப்பு நீராக வெளியே விடும், அதைக் குடிக்க எறும்பு வரும், தீனி கொடுக்கிறவனைக் காப்பாற்ற வண்டையும் அதன் முட்டையையும் விரட்டும். செடியடியில் இருந்த புற்றுகளைக் கொத்திக் கலைத்தோம், வரப்புப் புல் செடியில் தொடாமல் அறுத்தோம். இந்தத் தடவை பழனியம்மா செரிங்க என்று சொல்லவில்லை. எந்த எறும்பு, கறுப்பா செவப்பா என்று கேட்டாள். கேள்வி கேட்டதில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து அடிக்கடி போன் வந்தது. கொழுந்தனார் பேசுவதில்லை, ஊரில் பூச்சிக்காரி என்கிறார்கள் என்றாள். வெள்ளை நூல் தொங்குகிறவை இலைக்கடியில் போய் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கின்றன, செத்துவிட்டனவா என்று பயந்தாள். கூட்டுப்புழு ஆகியிருக்கிறது, விடு என்றேன். பிறகு ஒரு நாள் காலையில் வேறு குரலில் பேசினாள். "கறுப்பா வந்துருச்சுங்க்கா" என்றாள். உடனே போனை வைத்துவிட்டாள்.

கீழ்வயலில் குருத்துகள் நேராக நின்றன. பாதித் தோட்டத்து இலைக்கு ஏற்றாற்போல் கொஞ்சமாகப் பட்டுப்புழு வாங்கி வளர்த்தாள். கூடு கட்டியது. பெரிய விளைச்சல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூடு கட்டியது.

அப்போது மேடமும் நானும் மறுபடியும் போனோம். மேடம் தோட்டம் முழுக்க நடந்து பார்த்துவிட்டு ஒன்று கேட்கச் சொன்னார். அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. வேலியோரம் ஒரு வரிசையைச் சுத்தம் செய்யாமல் விட வேண்டும், அதில் மாவுப்பூச்சி இருக்கட்டும். பூச்சி சுத்தமாகத் தீர்ந்தால் வண்டுக்குத் தீனி இருக்காது, பட்டினியில் தன் முட்டையையே தின்னும், இல்லை என்றால் பறந்துவிடும். அடுத்த தடவை பூச்சி வரும்போது தோட்டத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

வரப்பில் இருந்த கொழுந்தனார் எங்களைப் பார்க்காமல் ஆகாசத்தைப் பார்த்துச் சொன்னார். "நோவு தீந்ததும் நோவுக்குச் சோறு போடச் சொல்றாங்க. நல்ல படிப்பு."

பழனியம்மா வேலியோர வரிசையில் நடந்து போய் அந்தச் சுருண்ட குருத்துகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து இடுப்பில் இருந்த போன் அடித்தது. பெரிய மகன். பாதி விளைச்சல் போதாது, கெடு முடிந்தது என்று சொல்லக் கூப்பிட்டிருப்பான். அவன் பேசினது எங்களுக்குக் கேட்கவில்லை. அவள் நெடுநேரம் ம் போட்டாள். பிறகு ஒரு குருத்தைப் பிடித்தபடியே சொன்னாள்.

"இல்ல கண்ணு, நான் வரலை. வேலியோரம் மாவுப்பூச்சி இருக்குது. பாத்துக்கோணும்."

அதைத்தான் சொன்னாள். வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் மகன் என்ன சொன்னானோ, அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த முறை அது வாயோடு நிற்கவில்லை. மேடம் என்னவென்று கேட்டார். வரிசையை விடுகிறாளாம் என்றேன்.

அதற்குப் பிறகு ராமாபுரத்திலிருந்து போன் நின்றுவிட்டது. எங்கள் வேலையில் அப்படித்தான். சரியாக நடந்தால் நம்மை யாரும் கூப்பிட மாட்டார்கள். நிற்கட்டும் என்றே வேண்டிக்கொண்டேன். ஆனால் ஆபீசில் போன் அடித்தால் கொஞ்ச நாள் வரைக்கும் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பேன்.

மேடம் ஓய்வு பெற்று சொந்த ஊருக்குப் போய்விட்டார். கௌரம்மா காலமாகிவிட்டாள். நான் ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம் பெங்களூரிலிருந்து என் மகன் பேசினான். அவனுக்கும் எனக்கும் பேச்சு கன்னடத்தில்தான். இனிமேல் அங்கே தனியாக என்ன செய்யப் போகிறாய், இங்கே வந்துவிடு என்றான். நல்ல பையன், மனசாரத்தான் கூப்பிட்டான். போனைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அடுப்பு, கட்டில், மாதா படம், துவைத்து மடித்த புடவைகள். நான் பார்த்துக்கொள்ள வேண்டியது என்று எதுவும் அங்கே இல்லை.

வரவில்லை என்றேன்.

ஏன் என்று அவன் கேட்டிருந்தால், பழனியம்மாவைப் போலச் சொல்ல என்னிடம் ஒரு மாவுப்பூச்சிகூடக் கிடையாது. அவன் கேட்கவில்லை.